தாயின் பெயரால் ஓர் அரசு: மெர்வின் வ்ரீக்கும் குவினெத்தின் குடிவழியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



ஒன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில் ஆண்ட ஓர் அரசனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாட்டின் பெயர் குவினெத். ஆங்கிள்சி தீவும் அதற்கு எதிரே எழும் ஸ்னோடோனியா மலைகளும் சேர்ந்தது அது. அரசன் மெர்வின் வ்ரீக், குரியாத்தின் மகன். ஏறத்தாழ 825 முதல் 844 வரை ஆண்டான். அவன் மகன் ரோத்ரி ‘பெரியவன்’ என்ற அடைமொழியோடு வேல்ஸ் வரலாற்றில் நிற்கிறான். பேரனின் மகன் ஹவெல் ‘நல்லவன்’; வேல்ஸ் சட்டத்தோடு பிரிக்க முடியாதபடி இணைந்த பெயர் அது. இந்த இருவரின் புகழுக்குப் பின்னால் மெர்வின் மறைந்துபோனான். வரலாற்று நூல்கள் பலவும் அவனை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன.

அவன் காலத்திலேயே எழுதப்பட்டு இன்று நமக்குக் கிடைப்பவை மிகக் குறைவு. கேம்பிரிய ஆண்டேடுகளில் ஒரு சாவுக்குறிப்பு, ஒரு நூலில் காலக்கணக்குக்காக வரும் அவன் பெயர், ஓர் இரகசிய எழுத்துப் புதிரில் வரும் வாழ்த்து. மற்றவை எல்லாம், அவன் தந்தை யார், தாய் யார், மனைவி யார் என்பது உட்பட, பின்வந்தோர் எழுதிவைத்த குடிவழிப் பட்டியல்களிலிருந்து பெறுபவைதான். அந்தப் பட்டியல்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

அந்த முரண்பாட்டைப் பிழை என்று ஒதுக்கிவிடாமல் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம். மெர்வின் அரியணைக்கு வந்தது தாயின் உரிமையால். அவன் காலத்தவரும் அடுத்த நூற்றாண்டினரும் இதை மறைக்கவில்லை. குடும்பத்தின் ஆட்சி வேரூன்றிய பிறகுதான் தந்தையின் குடிவழி நீளத் தொடங்கியது, தாய் தன் இடத்திலிருந்து நகர்த்தப்பட்டாள். பட்டியல்களைக் கால வரிசைப்படி அடுக்கினால் இந்த நகர்வு தெரியும்.

1. வெற்றிடமாகக் கிடந்த அரியணை

மெர்வினுக்கு முந்தைய பத்தாண்டுகளில் குவினெத் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தது. 813 தொடங்கி ஹவெல், கனன் என்ற இரு அரச குடும்பத்தார் ஆங்கிள்சிக்காகப் போரிட்டனர். ஹவெல் வென்றான், பிறகு தீவிலிருந்து துரத்தப்பட்டான். 816இல் கனன் இறந்தான். ஹவெல் மீண்டும் வந்து 825 வரை தாக்குப்பிடித்தான். இதற்கிடையே 822இல் அண்டை ஆங்கிலேய நாடான மெர்சியாவின் படையினர் கான்வி ஆற்று முகத்துவாரத்தில் இருந்த தெகான்விக் கோட்டையை அழித்தார்கள். கிழக்கே இருந்த போவிஸ் நாட்டையும் தங்கள் ஆதிக்கத்துக்குள் இழுத்தார்கள். ஆண்டேடு இதை ஒரே வரியில் சொல்லி முடிக்கிறது.

அடுத்த ஆண்டே மெர்சிய அரசன் கேயோல்வுல்ஃப் பதவி இழந்தான். 825இல் அவனுக்குப் பின் வந்த பேயோர்ன்வுல்ஃப், எல்லண்டூன் போரில் வெசெக்ஸ் அரசன் எக்பெர்ட்டிடம் தோற்றான். கிழக்கிலிருந்து வந்த அழுத்தம் திடீரெனத் தளர்ந்த அதே ஆண்டில்தான் ஹவெலும் இறந்தான். மெர்வின் நுழைந்த தருணம் இது. அவன் போரிட்டு வென்றான் என்று எந்தப் பழைய பதிவும் சொல்லவில்லை. உள்நாட்டுப் பூசலில் களைத்துப்போன குடியில் வலுவான ஆண் வாரிசு இல்லாத வேளையில் வந்தான்.

2. ஹார்லி சுவடியின் ஒரு வரி

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் ஹார்லி 3859 என்ற தோல்சுவடி இருக்கிறது. எழுதப்பட்ட காலம் ஏறத்தாழ 1100. அதிலுள்ள குடிவழிகள் அதற்கும் முன்பு, பத்தாம் நூற்றாண்டின் நடுவில், ‘நல்லவன்’ ஹவெலின் மகன் ஓவைன் ஆண்ட காலத்தில் தொகுக்கப்பட்டவை. எகர்டன் ஃபில்லிமோர் 1888இல் அவற்றை அச்சில் கொண்டுவந்தார். வேல்ஸ் குடிவழி ஆய்வு அங்கிருந்துதான் உறுதியான தரையில் நடக்கத் தொடங்கியது.

முதல் குடிவழி ஓவைனிலிருந்து பின்னோக்கிப் போகிறது. ஓவைன், ஹவெல் மகன். ஹவெல், காதெல் மகன். காதெல், ரோத்ரி மகன். ரோத்ரி, மெர்வின் மகன். அடுத்து நாம் எதிர்பார்ப்பது குரியாத். வருவது எத்தில். கனனின் மகள் எத்தில். அவள் வழியாகக் குடிவழி கனனுக்கும், அவன் தந்தையான இன்னொரு ரோத்ரிக்கும், அங்கிருந்து கட்வாலதர், கட்வாலன், கட்வான் என்று ஏழாம் நூற்றாண்டு அரசர்களுக்கும், ஆறாம் நூற்றாண்டின் மைல்குனுக்கும், கடைசியில் குடியின் முதல்வனாகக் கருதப்பட்ட குனெத்தாவுக்கும் அதற்கு அப்பாலும் ஏறிச் செல்கிறது.

இந்த வரியை நான் எத்தனை முறை படித்தாலும் அதன் துணிவு குறையவில்லை. ஆளும் அரசனின் தலைமைக் குடிவழி அது. சுவடியில் முதலிடம் பெற்றது. அரசவையில் உரத்துப் படிக்கத் தக்கது. அதில் ஆண்களின் நீண்ட தொடர் ஓர் இடத்தில் அறுபட்டு ஒரு பெண்ணால் இணைக்கப்படுகிறது. எழுத்தர் அதை மழுப்பவில்லை. குரியாத்தின் பெயரை இந்தத் தொடரில் அவர் எழுதவே இல்லை.

அடுத்த குடிவழியையும் பாருங்கள். அது மீண்டும் ஓவைனிலிருந்தே தொடங்குகிறது. இம்முறை அவன் தாய் எலெனின் வழியாக, தென்மேற்கில் இருந்த தைவெத் நாட்டின் அரசர்களை நோக்கிப் போகிறது. ஓவைனின் தந்தை தைவெத்தைப் பெற்றது எலெனை மணந்ததால். ஆக, சுவடியின் முதல் இரு குடிவழிகளும் இரண்டு பெண்களைச் சார்ந்து நிற்கின்றன. ஒருத்தி குவினெத்துக்கு, மற்றவள் தைவெத்துக்கு. பத்தாம் நூற்றாண்டு எழுத்தர் ஒருவருக்கு அரச உரிமை எப்படிக் கைமாறும் என்பதில் குழப்பமே இல்லை.

வேல்ஸ் சட்ட நூல்கள் இதற்கு ஒரு பின்னணி தருகின்றன. நமக்குக் கிடைக்கும் படிகள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து தொடங்குபவை. எனவே அவற்றை நேரடியாக 825இன் மேல் ஏற்றக்கூடாது. பொதுவாக அச்சட்டத்தில் நிலம் மகன்களுக்கே போகும், மகளுக்குப் போகாது. ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு பெண்ணை அவள் குடும்பமே முன்வந்து அயல்நாட்டானுக்கு மணம் செய்து கொடுத்தால், தந்தைவழி நிலம் அற்ற அவள் பிள்ளைகள் தாயின் குடும்பத்து நிலத்தில் பங்கு பெறுவார்கள். அயலவனுக்குப் பிறந்த மகன் தாயின் குடிக்கு வாரிசாவது என்பது அந்தச் சமூகம் கற்பனை செய்யக்கூடிய, பெயரிட்டு வழங்கிய ஓர் உரிமையாக இருந்தது. மெர்வினின் நிலை இதை ஒத்திருக்கிறது.

3. தந்தை எங்கிருந்து வந்தான்?

குரியாத் குவினெத்துக்காரன் அல்லன் என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பழைய வேல்ஸ் தீர்க்கதரிசனப் பாடல் ஒன்று மெர்வினை ‘மனாவ்’ நாட்டிலிருந்து வந்தவன் என்கிறது. அந்தப் பெயர் இரண்டு இடங்களுக்கு உண்டு. ஒன்று ஐரிஷ் கடல் நடுவே உள்ள மேன் தீவு. மற்றது ஸ்காட்லாந்தில் ஃபோர்த் கழிமுகத்தின் தலைப்பகுதியில் இருந்த மனாவ் கொதோதின்.

மேன் தீவின் பக்கம் எடை கூடுகிறது. அத்தீவின் மாஹோல்ட் பகுதியில் 1896இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கற்சிலுவையில் ‘குரியாத்தின் சிலுவை’ என்று இலத்தீனில் பொறித்திருக்கிறது. எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல். அந்தக் குரியாத் மெர்வினின் தந்தைதான் என்று மெய்ப்பிக்க வழியில்லை. பெயரும் காலமும் பொருந்துகின்றன, அவ்வளவே. தந்தையே என்று அடித்துச் சொல்லும் நூல்களைப் படிக்கும்போது சற்று நிதானிக்க வேண்டும்.

கல்லைவிட எனக்கு உறுதியாகத் தோன்றுவது பிள்ளைகளின் பெயர்கள். ஹார்லி சுவடியிலேயே மேன் தீவின் ஆட்சியாளர்களுடையது என்று பலரும் கருதும் ஒரு குடிவழி உண்டு. அதில் துத்வால், அனாராவுத், மெர்வின் என்ற பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. (அந்த மெர்வின் நம் அரசன் அல்லன், அவனுக்கு முந்தியவன்.) இப்போது நம் மெர்வினின் பேரப்பிள்ளைகளைப் பாருங்கள். அனாராவுத், மெர்வின், துத்வால், குரியாத், காதெல். முதல் மூன்றும் மேன் தீவுக் குடிவழியில் உள்ளவை. குரியாத் என்பது முப்பாட்டனின் பெயர். காதெல் என்பது போவிஸ் அரசன் பெயர். மெர்வின் தன் மகனுக்கு வைத்த பெயரோ ரோத்ரி. அது 754இல் இறந்த, எத்திலின் பாட்டனான குவினெத் அரசனுடையது.

வாரிசாக வரவேண்டிய மகனுக்குத் தாயின் குடும்பத்து அரசனின் பெயர். ஆட்சி நிலைத்த பிறகு பிறந்த பேரன்களுக்குத் தந்தைவழிப் பெயர்கள் தாராளமாக. பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை எந்த ஆண்டேடும் எழுதவில்லை. இருந்தாலும், பட்டியல் போடுபவரின் கை படாமல் அந்தக் குடும்பமே விட்டுச்சென்ற வாக்குமூலம் இந்தப் பெயர்கள் என்று நான் கொள்கிறேன்.

4. எழுத்தால் நிமிர்ந்த அரசவை

தந்தைவழி உரிமை இல்லாத அரசனுக்கு வேறு பலம் வேண்டும். மெர்வினின் அவை அதை எழுத்திலும் கல்வியிலும் தேடியது. இந்தப் பகுதியில் சற்று நின்று பேச அனுமதி வேண்டுகிறேன்.

‘ஹிஸ்டோரியா ப்ரிட்டோனம்’, அதாவது பிரித்தானியர் வரலாறு, என்ற இலத்தீன் நூலை நீங்கள் அறிந்திருக்கலாம். ஆர்தரின் பன்னிரண்டு போர்களைப் பட்டியலிடும் முதல் நூல் அது. ஆர்தர் கதை படிப்பவர்கள் அந்த ஓர் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். நூலாசிரியர் தம் காலத்தைக் கணக்கிடும்போது மெர்வின் அரசனின் நான்காம் ஆண்டு என்கிறார். 829 அல்லது 830. நென்னியஸ் என்ற பெயரால் நெடுங்காலம் வழங்கிய அந்நூலின் ஆசிரியர் யார் என்பதை டேவிட் டம்வில் கேள்விக்கு உள்ளாக்கினார். பெயர் எதுவாயினும், காலத்தை அளக்க அவருக்குக் கிடைத்த அளவுகோல் குவினெத்தின் புதிய அரசன்.

அந்த நூலில் குனெத்தாவின் கதை வருகிறது. மைல்குன் ஆள்வதற்கு 146 ஆண்டுகளுக்கு முன்னர், வடக்கே மனாவ் கொதோதினிலிருந்து குனெத்தா எட்டு மகன்களோடு குவினெத்துக்கு வந்தான், அங்கே குடியேறியிருந்த ஐரிஷ்காரர்களைப் பெரும் அழிவோடு விரட்டினான், அவர்கள் திரும்பவே இல்லை என்கிறது. குவினெத் அரச குடியைத் தொடங்கியவனே வெளியிலிருந்து, மனாவ் என்ற பெயருள்ள நிலத்திலிருந்து வந்தவன். மனாவிலிருந்து வந்தவன் என்று பேசப்பட்ட ஓர் அரசன் ஆட்சிக்கு வந்த நான்காம் ஆண்டில் இந்தக் கதை எழுத்தில் ஏறுகிறது. கதை அப்போதுதான் புனையப்பட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பழைய மரபும் அதில் இருக்கலாம். ஆனால் அந்த அவையில் அது எப்படிக் கேட்கப்பட்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. புதியவன் வந்ததே பழைய வழக்கின்படிதான் என்று கேட்டிருக்கும்.

இரண்டாவது சான்று ஜெர்மனியின் பாம்பெர்க் அரசு நூலகத்தில் உள்ள ஒரு சுவடி. நான்கு ஐரிஷ் அறிஞர்கள் தங்கள் ஆசிரியர் கோல்குவுக்கு எழுதிய மடல் அதில் படியெடுக்கப்பட்டிருக்கிறது. மெர்வினின் கோட்டையில் டுப்தாக் என்ற இன்னொரு ஐரிஷ்காரர், வந்துபோகும் தம் நாட்டு அறிஞர்களுக்கு ஒரு புதிர் வைத்தார். கிரேக்க எழுத்துகளால் ஆன ஒரு வரி. அவர்கள் திணறுவார்கள் என்பது அவர் எண்ணம். நால்வரும் விடுவித்தார்கள். கிரேக்க எழுத்து ஒவ்வொன்றும் ஓர் எண். அந்த எண் இலத்தீன் நெடுங்கணக்கில் எத்தனையாவது எழுத்து என்று பார்த்தால் வாசகம் வரும். ‘மெர்வின் அரசன் கங்கெனுக்கு வாழ்த்துச் சொல்கிறான்’ என்பது வாசகம். கடல் கடந்து வர நினைக்கும் எளிய மாணவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், புகழ்மிக்க பிரித்தானிய அரசன் முன்னிலையில் அவர்கள் வெட்கப்படும்படி ஆகிவிடக்கூடாது என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் அறிஞர்கள் தங்கிச் செல்லும் இடமாக மெர்வினின் கோட்டை இருந்தது. அங்கே இலத்தீனோடு கிரேக்க எழுத்தும் எண்கணக்கும் புழங்கின. மாணவர்கள் கூச்சப்படும் அளவுக்கு அந்த அவையின் கல்விக்கு ஒரு பெயர் இருந்தது. போர்க்களத்தில் மெர்வின் என்ன செய்தான் என்று அறிய முடியாத நமக்கு, அவன் அவையில் இப்படி ஒரு நாள் நடந்தது என்பது தெரிகிறது. அவன் வாழ்க்கை குறித்துக் கிடைத்த மிகப் பெரிய செல்வம் இந்த மடல்.

வாழ்த்துப் பெற்ற கங்கென் யார்? போவிஸின் அரசன், காதெலின் மகன். பிற்காலக் குடிவழிகளின்படி அவன் சகோதரி நெஸ்ட் மெர்வினின் மனைவி. கங்கென் எழுப்பிய கல்தூண் இன்றும் லாங்கோலென் அருகே, வாலி க்ரூசிஸ் மடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. எலிசெக் தூண் என்பது பெயர். தன் பூட்டன் எலிசெக் ஆங்கிலேயரிடமிருந்து போவிஸை மீட்டதைப் போற்றிக் கங்கென் அதில் நீண்ட இலத்தீன் கல்வெட்டைப் பொறிக்கச் செய்தான். இப்போது எழுத்துகள் தேய்ந்துவிட்டன. 1696இல் எட்வர்ட் லூயிட், உடைந்து கிடந்த தூணைக் கண்டு படியெடுத்திராவிட்டால் அது முழுவதும் போயிருக்கும்.

இந்தக் கல்வெட்டையும் ஹிஸ்டோரியா ப்ரிட்டோனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஹிஸ்டோரியாவில் வோர்டிகெர்ன் என்பவன் சாக்சன்களை அழைத்துவந்து நாட்டைக் கெடுத்த பாவி. புனித ஜெர்மானஸ் அவனைச் சபித்துத் துரத்துகிறார். ஸ்னோடோனியா மலையில் அவன் கட்டும் கோட்டைகூட நிற்பதில்லை. போவிஸ் அரச குடியோ, ஜெர்மானஸின் ஆசியால் உயர்ந்த ஒரு வேலைக்காரனிடமிருந்து தொடங்கியது. கங்கெனின் கல்வெட்டில் எல்லாம் தலைகீழ். வோர்டிகெர்ன் பெருமைக்குரிய முன்னோன். அவன் மகன் பிரித்துவை ஜெர்மானஸ் ஆசீர்வதித்தார். பிரித்துவின் தாய் செவீரா, உரோமைப் பேரரசனைக் கொன்ற மாக்சிமஸின் மகள்.

ஒரே தலைமுறை, அடுத்தடுத்த நாடுகள், மணவுறவு கொண்ட இரு அரசர்கள். ஒருவன் அவையைச் சார்ந்த நூல் மற்றவன் குடிவழியை வேலைக்காரனில் தொடங்குகிறது, மற்றவன் கல்லில் பேரரசனிடம் தொடங்குகிறான். எது எதற்கு மறுமொழி என்று அறுதியிட முடியாது. ஆயினும் இவை ஒன்றையொன்று அறிந்து பேசுகின்றன என்பதே என் முடிவு. புதிரில் வரும் வாழ்த்து நட்பின் அடையாளம். நட்பு உள்ள இடத்தில் குடிவழிப் போட்டி இல்லை என்று ஆகிவிடாது.

5. தந்தை வளர்ந்த கதை

மெர்வின் 844இல் இறந்தான். அதே ஆண்டில் கெட்டில் என்னும் இடத்துப் போரையும் ஆண்டேடு குறிக்கிறது. இரண்டையும் முடிச்சிட்டு அவன் போரில் விழுந்தான் என்பது பின்னாளைய ஊகம். ரோத்ரி 34 ஆண்டுகள் ஆண்டான். 856இல் டேனியத் தலைவன் கோர்மைக் கொன்றான். ஐரிஷ் ஆண்டேடுகளும் அதைப் பதிவு செய்தன. 877இல் அயர்லாந்துக்கு ஓடவேண்டி வந்தது. 878இல் சாக்சன்கள் அவனையும் அவன் மகன் குரியாத்தையும் கொன்றார்கள். மகன் அனாராவுத்தின் காலத்தில் கான்வி ஆற்றங்கரையில் நடந்த போரை, ரோத்ரிக்காகக் கடவுள் வாங்கிய பழி என்று ஆண்டேடு எழுதிவைத்தது.

கங்கென் 850களின் நடுவில் உரோமில் இறந்ததும் நெஸ்ட்டின் மகன் என்ற உரிமையில் போவிஸ் ரோத்ரிக்கு வந்தது என்று பாடநூல்களில் படிக்கிறோம். அக்காலப் பதிவு எதுவும் இதைச் சொல்லவில்லை. நெஸ்ட் மெர்வினின் மனைவியா தாயா என்பதிலேயே பிற்காலப் பட்டியல்கள் இடம் மாறுகின்றன. இந்தத் தடுமாற்றத்தில் ஒரு சீர் இருக்கிறது. குடும்பத்தின் உரிமைகள் பெண்கள் வழியாக வந்தவை என்ற நினைவு எல்லாப் பட்டியல்களிலும் தங்கியது. எந்தப் பெண், எந்தத் தலைமுறையில் என்பதுதான் கலைந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜீசஸ் கல்லூரிச் சுவடி 20 என்று ஒன்று உண்டு; ஹார்லிக்குப் பல தலைமுறைகள் பிந்தியது. அதில் குரியாத்துக்கு ஒரு தந்தை வந்துவிடுகிறான், அவனுக்கு ஒரு தந்தை, அப்படியே ஏறி வடநாட்டுப் பாடல் மரபின் நாயகன் லவார்க் ஹென், அவன் வழியே வடநாட்டு அரசர்களின் மூதாதை கோய்ல் ஹென். ஓவைனின் எழுத்தர் ஒரு பெயர்கூடத் தராத இடத்தில் இப்போது நீண்ட ஏணி நிற்கிறது. 1584இல் டேவிட் பவல் வேல்ஸ் வரலாற்றை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது கனனின் மகள் எசில்ட் என்ற பெயரோடு மெர்வினின் மனைவியாக நிற்கிறாள். தாயாக இருந்தவள் மனைவியாகிவிட்டாள். அயலவன் ஒருவன் அரசகுமாரியை மணந்து நாடு பெற்றான் என்ற கதை, அரசகுமாரியின் மகன் உரிமையோடு வந்தான் என்பதை இடம்பெயர்த்துவிட்டது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸின் ஜெரால்ட், பாணர்கள் தங்கள் இளவரசர்களின் குடிவழியைப் பழைய ஏடுகளில் வைத்திருக்கிறார்கள், ரோத்ரியிலிருந்து கன்னி மரியாள் வரைக்கும், அங்கிருந்து ஆதாம் வரைக்கும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள் என்று எழுதினார். பாணர்கள் நாவில் தொடர் ரோத்ரியிடம் தொடங்கியது. மெர்வின் அதற்குள் ஒரு படி மட்டுமே.

நவீன நூல்களின் குடிவழி அட்டவணைகளில் மெர்வினை ஒரு புதிய கிளையின் உச்சியில் வைத்து, குவினெத்தின் ‘இரண்டாம் அரசமரபு’ என்று தலைப்பிடுகிறார்கள். ஆண்வழி ஒன்றையே குடியாக எண்ணும் கண்ணுக்கு அது சரி. அந்த ஆண்வழி 1282இல் கொல்லப்பட்ட கடைசி லவெலின் வரை ஓடியது என்பதும் உண்மை. ஆனால் ஓவைனின் எழுத்தர் அங்கே முறிவு எதையும் காணவில்லை. குனெத்தாவிலிருந்து ஓவைன் வரை ஒரே குடிதான் அவருக்கு. எத்தில் அதில் ஒரு கண்ணி. நாம் வரையும் அட்டவணையிலும் அந்தக் கோட்டை அவள் பெயர் வழியாகவே இழுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.